கடல்நீர் குடித்த கொக்கி

தூத்துக்குடித் துறைமுகத் தோழர்களே! பொறியாளர் ஆசீர்வாதம் மறைந்தார் என்ற செய்தி நேற்றுக் காலை நாசரேத்திலிருந்து வந்தது. நாம் கண்ணீர் துடைக்குமுன், அவர் அளந்து பார்க்கவென இறக்கிவைத்த கொக்கிகளை முதலாளி மீண்டும் பாரந்தூக்கிகளில் மாட்டிவிட்டார்! இக்கொடுமையைச் சொல்லாமல் அவருக்கு இரங்கல் உரைக்க என் நா எழவில்லை.

உலகப்போர் முடிந்த ஆண்டு ஒரு கொக்கி முறிந்தது. விழுந்த பஞ்சுப்பொதி, அதைக் கொக்கியில் மாட்டிய நம் தோழர் லூர்துவின் காலை நொறுக்கியது. "கோணலாக மாட்டினான், குற்றம் அவனுடையதே" என்று முதலாளி அவரை வேலையினின்று நீக்கினார்.

"நேராத்தான் மாட்டுனேன், அண்ணாச்சி. யாரு நம்புதா?" என்று கலங்கினார் லூர்து.

"யாரும் நம்ப வேண்டாம்லே. இரும்பையே கேப்போம்" என்றார் ஆசீர்வாதம்.

பட்டறையில் எல்லோரையும் கூட்டினார். முறிந்த கொக்கியின் துண்டிலும் வெளியில் வாங்கிய அதே அளவுப் புதுக் கொக்கியிலும் ஒரே எஃகுக் குண்டை ஒரே விசையோடு அழுத்தினார். பள்ளம் அகன்றால் இரும்பு மென்மை, குறுகினால் கடினம். உருப்பெருக்கி வைத்து அளந்தார். முறிந்ததன் பள்ளமே குறுகியிருந்தது.

முதலாளி துள்ளினார்: "பாத்தியளா? எங்க கொக்கிதான் கெட்டி! தப்பு அவன் கையிலதான்!"

"கெட்டிதான், அண்ணாச்சி. அதான் நோயே. இத எதுல தோய்ச்சிய?"

கொல்லர் பெருமையோடு முந்திக்கொண்டார்: "கடல் தண்ணியிலதான்! தேயவே கூடாதுன்னு முதலாளி சொன்னாவ. பழுக்கக் காய்ச்சி அப்படியே முக்கிட்டோம்."

இரண்டையும் சம்மட்டியால் அடிக்கச் சொன்னார் ஆசீர்வாதம். புதியது வளைந்தது. கடல்நீர் குடித்ததோ கண்ணாடிபோல் சிதறியது!

"கடினம் வேற, உறுதி வேற. வளையுத கொக்கி ஆளுக்கு ஓட நேரம் குடுக்கும். இது குடுக்காது" என்றார் ஆசீர்வாதம்.

பட்டறை அதிர்ந்தது, தோழர்களே! லூர்துவைத் தோளில் தூக்கிக்கொண்டு துறைமேடை முழுதும் வலம் வந்தோம். அன்று மாலையே சரக்குக் கொட்டகையில் அவருக்குப் பணி மீண்டது. ஓர் ஏழையின் சொல்லுக்கு இரும்பே சான்று சொன்ன நாள் அது!

அளக்காத எதையும் நம்ப மறுத்த அந்தப் பிடிவாதத்தை ஆசீர்வாதத்திடமிருந்து எனக்கென எடுத்துக்கொண்டேன். உங்களுக்கும் அதில் பங்குண்டு. இந்நொடியிலும் நம் உடன்பிறப்புகளின் தலைக்குமேல் அளக்கப்படாத இரும்பு ஆடுகிறது. வீட்டுக்குக் கலையாதீர்கள்! நேரே துறைமேடைக்கு நடங்கள். ஒவ்வொரு கொக்கியும் இறங்கி அளக்கப்படும்வரை ஒரு பொதியும் மேலே ஏறக் கூடாது. எழுங்கள், இப்போதே இறக்குங்கள்!