டேப் ஒட்டிய வராந்தா

புனேயில் பார்க்கின்சன் நோயாளிகளின் நடையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். தூரத்தை அளக்க மருத்துவமனை வராந்தாவின் குறுக்கே வரிசையாக வெள்ளை டேப் கோடுகள் ஒட்டியிருந்தோம். தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர் அதில் தங்குதடையில்லாமல் நடந்தார்.

"வீட்ல கால் ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடறாரு சார்," என்றார் அவர் மனைவி.

"இங்க நல்லா நடக்கிறாரேம்மா. வீட்ல வீம்பு பண்றாரு," என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். குளியலறை வாசலில் நகர முடியாமல் நின்றிருந்தார்; லுங்கி நனைந்திருந்தது. வராந்தா நினைவுக்கு வந்தது. பையிலிருந்த டேப்பைக் கிழித்து அவர் காலுக்கு முன்னால் ஒட்டினேன். கோட்டைப் பார்த்தார், தாண்டினார். வராந்தாவிலும் அவரை நடக்கவைத்தவை எங்கள் கோடுகள்தான்.

"நீங்க சொன்னீங்கன்னு இவர தெனம் திட்டினேனே சார்," என்றார் அந்தம்மா.

என் ஆய்வேட்டில் அவர் நடந்த தூரம் இருக்கிறது. அந்த இரண்டு மாதம் இல்லை.