இரண்டாம் வயலினில் ஒரு காலி நாற்காலி

தூங்கிவிட்ட குழந்தையை அவன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு அன்று நான் மேடைக்குத் திரும்பியிருக்க வேண்டுமா? எத்தனை முறை யோசித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை.

புனேயில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வாசிக்கிறேன். வார நாட்களில் விஷ்ராந்த்வாடியில் ஒரு பள்ளியில் வயலின் வகுப்பு எடுக்கிறேன். கச்சேரி நெருங்கினால் மாலையில் கேம்ப் பகுதியில் ஒத்திகை. இந்த வேலைக்கு வர நினைக்கும் பெண்கள் யாராவது படிக்கக்கூடும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு ஸ்டாண்ட், இரண்டு பேர்

எங்கள் வரிசையில் இசைத்தாளை வைக்க இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட். தாளில் ஒரு பக்கம் முடியும்போது, பார்வையாளர்களை ஒட்டி வெளிப்பக்கம் இருப்பவர் வாசித்துக்கொண்டே இருப்பார். உள்பக்கம் இருப்பவர் வில்லை நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். உள்பக்கம் நான். ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் என் இசையில் ஒரு சின்ன ஓட்டை விழும். அதையும் ஒத்திகை பார்ப்போம்.

வெளிப்பக்கம் ஷீலா. புனேயில் கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், வங்கி அதிகாரி. பிரசவம் முடிந்து நான் ஒத்திகைக்குத் திரும்பிய அன்று, "க்யா ரே, இன்னும் வாசிக்க வருதா? இல்ல தாலாட்டு மட்டும்தானா?" என்றாள்.

நான் சொல்லும் அந்தக் கச்சேரியின் முதல் பாதியில், பியானோவை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் ஒரு புதிய கான்செர்ட்டோ. எழுதிய பெண்ணே பியானோவும் வாசித்தார். இரண்டாம் பாதியில், உலகமெங்கும் வாசிக்கப்படும் பழைய சிம்பொனி ஒன்று. அதிகம் பயிற்சி எடுத்தது கான்செர்ட்டோவுக்குத்தான். மனம் இருந்தது சிம்பொனியில். கோவையில் ஹாஸ்டலில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதன் இரண்டாம் பகுதியைக் கேட்டே நான் தூங்கியிருக்கிறேன். எப்போதும் பின்னால் துணைக்கு நிற்கும் இரண்டாம் வயலினுக்கு, அதில் ஓரிடத்தில் மெட்டு வருகிறது. ஒரு நாள் அதற்குள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று ஆசை. முன்பு ஒருமுறை எங்கள் ஆர்கெஸ்ட்ரா அதை எடுத்தபோது, நான் பிரசவத்துக்கு ஊரில் இருந்தேன்.

மியூட் போட்ட இடம்

என் பையன் நிலனுக்கு அப்போது எட்டு மாதம். பாட்டிலைத் தொடமாட்டான். அதனால் என் கணவர் செந்தில் அவனைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் உள்ள அறையில் இருந்தார்.

கான்செர்ட்டோவின் நடுவில் நாங்கள் வயலினில் ஒலியைத் தணிக்கும் மியூட் மாட்டி, ஒரே சுரத்தை மெல்லப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதன் மேல் பியானோ ஒவ்வொரு கட்டையாக விழும். அந்த நிசப்தத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து அழுகை கேட்டது. நிலன்தான். வில்லை நிறுத்த முடியாது. உடம்பு மட்டும் காத்திருக்கவில்லை. பால் கசிந்து சட்டை நனைந்தது. கறுப்பு உடை என்பதால் வெளியே தெரியவில்லை.

கைதட்டலுக்கு எழுந்து நின்றபோது ஷீலா காதருகே வந்தாள். "அரே, உன் பையன் கரெக்டா என்ட்ரி குடுத்தான் யார். புது மியூசிக்தான, அதுவும் எழுதி இருக்குன்னு நெனச்சிருப்பாங்க."

சிரித்துக்கொண்டே நிலன் இருந்த அறைக்கு ஓடினேன்.

பால் குடித்தபடியே நிலன் தூங்கிப்போனான். ஒரு கை என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. இடைவேளை முடியும் மணி அடித்தது.

"குடு, நான் பாத்துக்கறனில்ல. நீ போ," என்றார் செந்தில்.

"எந்திரிச்சிருவானுங்க."

"எந்திரிச்சா எந்திரிக்கட்டும். இதுக்குத்தான இத்தன நாள் ஒத்திக பாத்த?"

"மறுபடி அழுதா உள்ள எல்லாருக்கும் கேக்கும்."

"கேட்டா வெளிய தூக்கிட்டுப் போயிக்கறேன். அழுதா என்ன, கொழந்ததான?"

மேடையில் ஓபோ என்ற குழல் 'ஏ' சுருதி கொடுத்தது. எல்லோரும் அதோடு தங்கள் சுருதியைச் சேர்த்துக்கொண்டார்கள். பிடித்திருந்த விரல்களில் ஒன்றை மெல்லப் பிரித்தேன். நிலன் முகம் சுளித்தான். அப்படியே விட்டுவிட்டேன். மேடையிலிருந்து வந்து கூப்பிட்ட உதவியாளரிடம், நான் வரவில்லை என்று செந்தில் சொன்னார். கதவு சாத்தப்பட்டது.

இரண்டாம் பகுதியைக் கதவின் இந்தப் பக்கமிருந்து கேட்டேன். மெட்டு எங்கள் வரிசைக்கு வந்தபோது, என் இடது கை விரல்கள் நிலனின் முதுகில் வாசித்துக்கொண்டிருந்தன. பக்கம் முடியும் இடத்தில் வழக்கப்படி நின்றன. அப்புறம்தான் நினைவு வந்தது, இங்கே திருப்பப் பக்கம் எதுவும் இல்லை என்று. நிறுத்தாமல் வாசித்தேன்.

சிம்பொனி முடியும்வரை அவன் அசையவே இல்லை. நான் போயிருந்தாலும் இப்படியே தூங்கியிருப்பானோ? செந்திலைக் கேட்டேன். "அது எப்படித் தெரியும்?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

எங்கள் வழக்கம், ஒரு நாற்காலி காலியானால் பின்னால் இருப்பவர் முன்னே வந்து உட்கார வேண்டும். அன்று ஷீலா யாரையும் வரவிடவில்லையாம். "'அவ வருவா'ன்னு சொல்லிட்டேன்," என்றாள். "நானே பக்கம் திருப்பி நாலு பார் வாசிக்காம கோட்ட விட்டேன். யாருக்கும் தெரியல, மாலும் ஹை?"

யாருக்கும் தெரியவில்லை என்று அவள் சொன்னது ஆறுதலுக்குத்தான். அந்த நாலு பார் இசையோடு சேர்த்து, நான் இல்லாததும் யாருக்கும் தெரியவில்லை.

நான் கற்ற பாடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: எந்தப் பக்கத்தை எங்கே திருப்புவது என்று மட்டும் ஒத்திகை பார்த்தால் போதாது, குழந்தை அழுதால் யார் எழுந்து போவது என்பதையும் முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். செந்தில்தான் போவார் என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். எழுந்து மேடைக்குப் போகாமல் இருந்தது நான்தான்.

இப்போது அதே சிம்பொனியை மறுபடி எடுக்கிறார்கள். வாசிக்க வருவேனா என்று ஷீலா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நிலன் இன்னமும் என்னிடம்தான் தூங்குகிறான். மேடையிலோ, ஆபரேஷன் தியேட்டரிலோ, பாதியில் எழுந்து வர முடியாத ஏதோ ஒரு வேலையிலோ இருந்துகொண்டு குழந்தை வளர்த்தவர்கள் எனக்கு எழுதுங்கள். குழந்தை சீக்கிரம் வளர்ந்துவிடும் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எனக்கும் தெரியும். சட்டையைப் பிடித்திருந்த அந்த விரல்களை நீங்கள் எப்படிப் பிரித்தீர்கள்?