ஒரு வரவுக்கு ஒரு வருத்தம்

செவ்வாய்க்கிழமைகளில் டிஸ்பென்சரி மதில் தெரிந்ததும் பரமலிங்கத்தாருக்கு மூச்சு முட்டு வந்துவிடும். நீர்வேலியிலிருந்து அதுவரை எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வந்த மனிதர்தான். இறங்கியதும் தோளை ஒடுக்கி, மனைவி இரத்தினம்மா பாயில் கிடந்து மூச்சு இழுக்கிறாளே, அந்த இழுப்பை இம்மி பிசகாமல் இழுப்பார்.

சண்டைக்கென்று எகிப்துக்குப் போய் மூன்று வருசம் உருளைக்கிழங்கு உரித்தவர். துவக்கைத் தொட்டதில்லை, ஒரு வெடி வைத்ததில்லை. ஆனாலும் பட்டாளம் பட்டாளந்தானே! வெள்ளைக்காரத் துரை கையெழுத்து வைத்த கடுதாசி ஒன்று மடியில் இருக்கிறது: டிஸ்பென்சரியில் இவரை வரிசையில் நிறுத்தக்கூடாது. இவரை மட்டும். பெண்சாதியைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அவளோ விடிய வந்து மத்தியானம்வரை வெயிலில் நிற்கிற நிலையில் இல்லை. ஆகவே அவளுடைய வருத்தம் இவருக்கு வந்தது.

"கிழங்கு உரிச்சவருக்கு என்னத்துக்குத் தனிவழி?" என்று வரிசையில் நின்று உரக்கக் கேட்பவன் முத்துக்குமாரு. அடுத்த கிழமையே இவர் வீட்டுப் படலையடியில் வந்து நின்று, "அண்ணை, என்ரை முழங்கால் உளைவையும் ஒருக்கால் சொல்லிவிடுங்கோவன்" என்று மருந்துக்கு வெறும் போத்தலை நீட்டியவனும் அவன்தான். வெட்கங்கெட்ட ஊர்! இவர் மறுக்கவில்லை. ஒரு நாள் முழங்கால், இன்னொரு நாள் பக்கத்து வீட்டு நல்லம்மாவின் வயிற்றுக்குத்து. செவ்வாய் மட்டும் இரத்தினம்மாவுக்கு.

ஏனென்றால் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி தியாகராசாவின் சட்டம், ஒரு வரவுக்கு ஒரு வருத்தம்: ஒரு தடவை வந்தால் ஒரு நோய்க்குத்தான் மருந்து.

"உது உடம்போ, சந்தையோ?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"எல்லாம் சண்டையிலை பட்டது ஐயா."

போன செவ்வாய், சைக்கிளால் இறங்கும்போதே இடது நெஞ்சைப் பிடித்தது. கை விறைத்தது. உடம்பெல்லாம் வியர்த்தது. துரை கொடுத்த கடுதாசிக்கு ஏற்ற வருத்தம் முதல் தடவையாக இப்போதுதான் வந்திருக்கிறது. பாவம், பயந்துபோனார்.

தியாகராசா கடுதாசியைக் கேட்கவேயில்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். "இண்டைக்கு முகம் சரியில்லை. உண்மையைச் சொல்லும், என்ன செய்யுது?"

சொன்னால் பெரியாசுப்பத்திரிக்கு ஏற்றிவிடுவார். வீட்டில் இரத்தினம்மாவின் மருந்து நேற்றே முடிந்துவிட்டது.

பரமலிங்கத்தார் நெஞ்சைப் பொத்தியிருந்த கையை எடுத்தார். அதே கையால் இரத்தினம்மாவின் போத்தலை மேசையில் வைத்து, தோளை ஒடுக்கி, அவளைப் போலவே இழுக்கத் தொடங்கினார்.