அறுபதில் தொடங்கிய கிரகம்

கேம் செய்கிற தொழிலில் உள்ள பெரிய தொல்லை, நாம் உயிரைக் கொடுத்து வேலை செய்துகொண்டிருந்தாலும் பார்க்கிறவர்களுக்கு விளையாடிக்கொண்டிருப்பதாகவே தெரிவதுதான். கழுத்து வலியோடு மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு எத்தனை தடவை விளக்கினாலும் ஏறாது.

நான் வேலை பார்த்த இடம் மேற்குத் தாம்பரத்தில், கார் சீட் கவர் தைக்கும் கடைக்கு மேல் மாடி. கடையும் மாடியும் நசீர் பாயுடையவை. மறைமலை நகர்ப் பக்கம் சீட் கவர் அனுப்பிச் சம்பாதித்த தைரியத்தில், செல்போனில் ஆடும் குட்டிக் குட்டி கேம்கள் செய்து விற்கலாம் என்று மூன்று கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். ஒன்றில் நான் புரோகிராம் எழுதுவேன். இன்னொன்றில் தினேஷ் படம் வரைவான். மூன்றாவதில் பாய் வந்து சீட்டு ஆடுவார்.

நான் குடியிருந்தது கீழ்க்கட்டளையில். கிழக்குக் காற்று அடித்தால் சதுப்பு நிலத்துக் குப்பைமேடு எரிகிற புகை நேராக எங்கள் படுக்கையறைக்கு வந்துவிடும். மகள் நிலாவுக்கு அப்போது ஐந்து வயது. வீசிங். மாதத்தில் இரண்டு தடவையாவது மூச்சு இழுக்கும். என் மனைவி ரேவதி படப்பையில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். மாதக் கடைசிவரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாக அந்த வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். நான் மட்டும், “இந்த வேலை ஒண்ணு முடியட்டும்” என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த ‘ஒண்ணு’ முடிந்தால் இன்னொன்று வந்துவிடும். உங்களுக்குத் தெரியாததா?

வெள்ளிக்கிழமை வந்த தலைப்பு

கேம் ஜாம் என்று ஒன்று உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் இணையத்தில் நடத்துவார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் தலைப்பு சொல்வார்கள், ஞாயிறு சாயந்திரத்துக்குள் ஒரு முழு கேம் செய்து அனுப்பிவிட வேண்டும். நல்ல மனநிலையில் இருக்கும் எவனும் செய்யாத காரியம். ‘இதுல நம்ம பேர் வந்தா வெளிநாட்டு ஆர்டர் தானா வரும்’ என்று யாரோ சொன்னதை நம்பி, பாய் எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டார்.

தலைப்பு ‘தப்பித்தல்’. தினேஷ் ஜெயில் என்றான். நான் கிரகம் என்றேன். என் சட்டையிலேயே அன்றைக்குப் புகை வாசனை இருந்தது, அதனால்கூட இருக்கலாம். கெட்டுப்போன ஒரு கிரகம். சுற்றுக்குச் சுற்று தொழிற்சாலை கட்டி, ராக்கெட்டுக்கு இருக்கைகள் செய்து, மக்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் புகை கூடும். புகை நூறைத் தொட்டால் எல்லாரும் அவுட். எத்தனை பேரைக் காப்பாற்றுகிறீர்களோ அத்தனை மார்க்.

ஆரம்பத்தில் புகை எவ்வளவு என்று ஒரு எண் போட வேண்டும். ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று யோசித்து அறுபது போட்டேன். தினேஷ் அதற்கேற்ற மாதிரி வானத்துக்கு டீ கலர் அடித்தான். சும்மா சோதனைக்காக ராக்கெட்டில் மூன்று இருக்கைகள் வைத்தேன். கிளம்பும் பட்டனை முதல் சுற்றிலேயே அமுக்க முடிந்தது. அதை மறைக்க ஒரு மணி நேரம் ஆகும். முதல் சுற்றில் எவன் கிளம்பப்போகிறான் என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட பாய்க்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

“எல்லாரும் ராக்கெட்ல ஏறிப் போயிட்டா கடைய யாரு தம்பி பாத்துக்கறது?”

வாயும் மூக்கும் மூடிய மாஸ்க்

சனிக்கிழமை காலையில் நிலாவுக்கு இழுக்க ஆரம்பித்தது. பல்லாவரத்தில் அவளை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்துப்புகை வரும் மாஸ்க்கை ரேவதி அவள் முகத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மடியில் நோட்டை வைத்து, தொழிற்சாலைக்கு நாலு புகையா ஐந்து புகையா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இதை இப்போது எழுதக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் நோட்டை எட்டிப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். கம்ப்யூட்டர் கேம் என்றேன். என்ன கேம் என்றார். புகை மண்டிப்போன கிரகத்திலிருந்து ஜனங்கள் தப்பிக்கிற கேம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மருந்துச்சீட்டை எழுதி முடித்து, கிழித்து, ரேவதி கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மொதல்ல நீங்க கீழ்க்கட்டளையில இருந்து தப்பிங்க சார்.”

கஸ்தூரி அக்கா போட்ட கேள்வி

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. எந்த கேமையும் வெளியே அனுப்புவதற்கு முன்னால் கம்ப்யூட்டரையே தொடாத ஒருவரை உட்கார வைத்து ஆடச் சொல்வோம். நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவருக்குப் புரியவில்லை என்றால் தப்பு எங்களுடையது. அந்த ஞாயிறு காலை மாட்டியவர் கஸ்தூரி அக்கா. கோவளம் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்பவர், பாய் வீட்டுக்கு வாடிக்கை. கூடையைக் கடை வாசலில் வைத்துவிட்டு, முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

மவுஸை அவர் தொடவே இல்லை. திரையில் தினேஷ் கறுப்பாக வரைந்திருந்த கடலின் மேல் விரலை வைத்தார். “இன்னாபா, கடலு இப்டி கீது? மீனு எங்க?” என்றார். வழக்கத்தை மீறி தினேஷ் வாயைத் திறந்து, “மீன்லாம் செத்துப்போச்சுக்கா” என்றான். அக்கா குடிசை குடிசையாக நின்ற ஜனங்களைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“அப்ப இவங்கோ அல்லாரும் இத்தினி நாளா இன்னாத்த துன்னுகினு கீறாங்கோ?”

பாயின் எட்டுத் தொழிற்சாலை

சாப்பாடு என்ற சங்கதியை நாங்கள் மறந்தே போயிருந்தோம். முப்பத்தெட்டு மணி நேரமாக ஒரு கிரகத்தையே பட்டினி போட்டிருக்கிறோம். அவசர அவசரமாக வயல் ஒன்றைச் சேர்த்துவிட்டு, அடுத்த சோதனைக்குப் பாயை உட்கார வைத்தோம். அவர் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கெட்டிக்காரர். முதல் சுற்றில் ஒரு தொழிற்சாலை, இரண்டாவதில் இன்னொன்று, மூன்றாவதில் இரண்டு. மளமளவென்று பொருள் சேர்ந்தது. ராக்கெட்டில் ஒரு இருக்கைகூடக் கூடவில்லை.

புகை எண்பதைத் தாண்டியதும் நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தொண்ணூற்றைந்தில் தினேஷ் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான். எட்டாவது தொழிற்சாலையோடு நூறைத் தொட்டு எல்லாரும் அவுட். பாய் மறுபடி ஆடினார். மறுபடியும் அதேதான். கிளம்புகிற பட்டன் அத்தனை நேரமும் மூலையில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. “ஏன் பாய் அதை அமுக்கவே இல்ல?” என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

“போலாம் தம்பி, யாரு வேணாம்னா? கையில இருக்கற வேலை ஒண்ணு முடியட்டும்.”

பிரவுசிங் சென்டரில்

ஞாயிறு மூன்று மணிக்கு மின்சாரம் போய்விட்டது. ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். யுபிஎஸ் கூவிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் கேமைப் பென் டிரைவில் ஏற்றி, தினேஷின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, ஜெனரேட்டர் சத்தம் கேட்கும் கடையாகத் தேடினோம். சானடோரியம் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் கிடைத்தது. அடையாள அட்டை ஜெராக்ஸ் கொடுத்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு, ஒரு பலகைத் தடுப்புக்குள் இரண்டு பேரும் ஒடுங்கி உட்கார்ந்தோம். அனுப்புவதற்கு முன்னால் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு தடவை திறந்து பார்த்தோம்.

அங்கேதான் வந்தது வினை. கடைக்காரர் பின்னால் வந்து நின்றார். நாங்கள் இதைச் செய்தவர்கள், ஆடுகிறவர்கள் இல்லை, இன்னும் இருபது நிமிடம்தான் பாக்கி என்று கெஞ்சினேன். அவர் எங்கள் இரண்டு நாள் தாடியைப் பார்த்தார். ‘கேம் ஆடக் கூடாது’ என்று சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். கடைசியில், திரையில் கேம் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுப்ப விட்டார். நாற்பத்தெட்டு மணி நேர உழைப்புக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அவர் போகிற போக்கில் சொன்னதுதான்.

“வயசு முப்பது ஆவுது, ஞாயித்துக்கெழமை வூட்ல பொண்டாட்டி புள்ளையோட இருக்கலாம்ல சார்?”

நடுவர் கண்டுபிடித்த பிழை

பரிசு வரவில்லை. வெளிநாட்டு ஆர்டரும் வரவில்லை. மாதக் கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது நடுவர்களின் குறிப்பு வந்தது. எந்த நாட்டு நடுவரோ, மரியாதையான மனுஷர். யோசனை நன்றாக இருக்கிறது, படங்கள் நன்றாக இருக்கின்றன என்றெல்லாம் எழுதிவிட்டு, ஒரு பிழையைச் சுட்டிக்காட்டியிருந்தார். முதல் சுற்றிலேயே புகை அறுபதில் நிற்கிறது, வானம் பழுப்பாக இருக்கிறது. அழிவு பாதி நடந்த பிறகு உள்ள நிலை அல்லவா இது? ஆட்டத்தை அழிவுக்கு முந்தைய ஒரு சாதாரண நாளிலிருந்து தொடங்கியிருந்தால், எதை இழக்கிறோம் என்று ஆடுகிறவருக்குத் தெரிந்திருக்கும். தவறுதலாக எண் மாறிவிட்டதா என்று கேட்டிருந்தார்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். எண் மாறவில்லை. வெள்ளிக்கிழமை ‘சாதாரண நாள்’ என்று நினைத்தபோது என் கண்ணில் வந்தது எங்கள் படுக்கையறை ஜன்னல். அந்த ஜன்னலுக்குக் கீழேதான் நிலா படுப்பாள். மானிட்டரைத் தினேஷ் பக்கம் திருப்பினேன். அவன் மெதுவாகப் படித்தான். தான் அடித்த வானத்தைப் பார்த்தான். நிஜமாகவே புரியாமல் என்னிடம் கேட்டான்.

“சாதாரண நாள்தானே மச்சான் இது?”

ரேவதி ஆடிய ஆட்டம்

பென் டிரைவை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். நடுவர் எழுதியதை ரேவதியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் கேமைப் போட்டுக் காட்டினேன். விதிகளைச் சொன்னேன். சாப்பாடு, தொழிற்சாலை, இருக்கை, புகை. அவள் சமையல் வேலையை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். நிலா அவள் மடியில் ஏறிக்கொண்டாள். குழந்தையின் நெஞ்சில் லேசாக விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ரேவதி தொழிற்சாலைப் பக்கம் போகவே இல்லை. திரையை ஒரு நிமிடம் பார்த்தாள், நேராகப் பச்சைப் பட்டனை அமுக்கினாள். ராக்கெட் கிளம்பிவிட்டது. முதல் சுற்றிலேயே ஆட்டம் முடிந்தது. ‘காப்பாற்றப்பட்டவர்கள்: 3’ என்று வந்தது. நிலா கை தட்டினாள். கிளம்பினால் கிடைக்கிறதிலேயே இதுதான் குறைந்த மார்க், கொஞ்சம் பொறுத்திருந்தால் நூறு பேரைக்கூட ஏற்றியிருக்கலாம் என்று என் தொழில்புத்தி சொல்ல வைத்தது. அவள் நிலாவை இறக்கிவிட்டு எழுந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

“நாம மூணு பேர்தானேங்க.”

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போகாமல் படப்பை வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன், ஒன்றாம் தேதி பால் காய்ச்சினோம், நிலா இப்போது மூச்சு இழுக்காமல் வாய் மூடித் தூங்குகிறாள், அந்த வீட்டு ஜன்னலில் இன்றைக்குப் புகை ஒரு பதினைந்து இருக்கும், ஒரகடம் சாலையில் நாளுக்கு நாள் லாரி கூடிக்கொண்டுதான் போகிறது, ஆனால் பட்டன் எங்கே இருக்கிறது என்று ரேவதிக்குத் தெரியும் என்பதால் நான் நிம்மதியாக அடுத்த கேமின் ஆரம்ப எண்ணை அவளைக் கேட்டுத்தான் போடுகிறேன்.