அக்கா காட்டிய ஐந்து நிமிடம் பத்து வினாடி

கோமுகி அணைக் கரையில், மார்கழிப் பனிக்குள், மொபெட்டில் சாய்ந்தபடி கைப்பேசியை உயர்த்திக் காட்டிய அக்காவின் முகம் இன்னும் அப்படியே என் கண்முன் நிற்கிறது. எனக்கு அப்போது பதினேழரை வயது. பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டே ராணுவ ஆள்சேர்ப்புக்காக ஓடிப் பழகினேன். ஆயிரத்து அறுநூறு மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும். நானோ ஆறு நிமிடத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை. அப்பா கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச விடிவதற்குள் போய்விடுவார். என்னை எழுப்பி அணைக்கு இழுத்துப்போய் நேரம் பார்க்கிற வேலையை அக்கா தானாகவே எடுத்துக்கொண்டாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். அப்போது ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். தடித்த கண்ணாடி, இரட்டைப் பின்னல், கரை முழுக்கக் கேட்கும் குரல். "நடக்கிறியா, ஓடறியா? வூட்ல தோசை ஆறிக்கினு கீதுடா!" என்று கத்துவாள்.

அன்றைக்குப் பனி அதிகம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மூச்சு வாங்க வந்து அவள் முன்னால் குனிந்து நின்றேன். அக்கா ஏனோ சற்றுத் தயங்கினாள். பிறகு கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். ஐந்து நிமிடம் பத்து வினாடி. எனக்குத் தலை கால் புரியவில்லை. கரையிலேயே குட்டிக்கரணம் போட்டேன். அதன்பின் ஓட்டம் எனக்குப் பயமாக இல்லை. ஒருமுறை ஓடியவனால் மறுமுறை ஓட முடியாதா என்ற எண்ணம் காலுக்குள் புகுந்துகொண்டது. முகாமில், கடைசிச் சுற்றில் நெஞ்சு எரிந்தபோது, அந்த ஐந்து பத்தைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஓடினேன். தேறினேன். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது வீட்டுக்குப் பேசினேன். அக்கா போட்ட கூச்சலில், பக்கத்தில் நின்ற லாரிக்காரர் "இன்னா தம்பி, பொண்ணு பொறந்துதா?" என்று கேட்டார். பதினெட்டு முடிந்த மாதமே பெட்டியோடு ரயிலேறிவிட்டேன்.

எட்டு வருடம் ஓடியது. அக்கா கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனாள். தினமும் வண்டியில்தான் மலையேறுவாள். ஒருநாள் கொண்டை ஊசி வளைவில், மூடுபனி மூக்குக்கண்ணாடியில் படிந்து எதிரே வந்த வேன் தெரியாமல் சறுக்கி விழுந்தாள். முழங்கை மட்டும் கிழிந்தது. இடம் மாறிப் போகச் சொன்னார் அப்பா. "அந்தப் பசங்கள வுட்டுட்டுப் போவ மாட்டன். கண்ணத்தான் சரி பண்ணணும்" என்றாள் அக்கா. புதுச்சேரியில் லேசர் சிகிச்சைக்கு நாள் குறித்தாள். நான் ஒரு மாத விடுப்பில் வந்தேன்.

சிகிச்சை ஒரு காபி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபின்தான் படாத பாடு. கண்ணைக் கசக்கக் கூடாது, தண்ணீர் படக்கூடாது, அடுப்புப் புகை ஆகாது. மணிக்கு மணி சொட்டு மருந்து. நான் காவல் பணி போல அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அம்மா கிண்ணத்தோடு வந்து, "ஒரு சொட்டு வெளக்கெண்ண வுட்டா குளுகுளுன்னு இருக்கும்டா" என்பாள். "அம்மா, அந்தப் பக்கமே வராத" என்று மறிப்பேன். உள்ளேயிருந்து அக்கா சிரிப்பாள்.

மூன்றாம் நாள் அந்தச் சிரிப்பு நின்றது. வலது கண் மங்கல். விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தது. மருத்துவரிடம் பேசினேன். சிலருக்கு அப்படி இருக்கும், பொறுங்கள், நாளை மறுநாள் அழைத்து வாருங்கள் என்றார். அக்காவுக்கு மனம் ஆறவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே பேச்சை எடுத்தாள்.

"டேய், ஒண்ணு சொல்றன், அடிக்கக் கூடாது."

"சொல்லு."

"அணையில நீ அஞ்சு பத்துல ஓடனியே, அது நீ இல்லடா. கண்ணாடி பூரா பனி. ஒன்ன மாதிரியே ஊதா பனியன் போட்ட எவனோ ஓடியாந்தான். நீன்னு நெனச்சி அமுக்கிட்டன். அவன் நிக்காமப் போய்க்கினே இருந்தான். அப்புறமாதான் நீ வந்த."

"ஏன் சொல்லல?"

"கண்ணு ஜாஸ்தியாக் கெட்டுப்போச்சின்னு தெரிஞ்சா வண்டி ஓட்ட வுட மாட்டாங்களே. அதான் நின்னதையே காட்டிட்டன். நீ குட்டிக்கரணம் வேற போட்டியா, வாயே வரல."

எனக்குச் சிரிப்பு வெடித்தது. யாரோ முகம் தெரியாத ஒருவனின் ஓட்டத்தை நம்பி, நான் ராணுவத்துக்கே போய்விட்டிருக்கிறேன். "அவன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்க்கா" என்றேன். அவளும் அடக்க முடியாமல் குலுங்கினாள். "சிரிக்க வெக்காதடா, கண்ணுல தண்ணி வருது, தொடைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று கெஞ்சினாள். பஞ்சை எடுத்துக் கன்னத்தில் மட்டும் ஒற்றிவிட்டேன். கண் போய்விடுமோ என்பது அவளுக்கு எத்தனை வருடப் பயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புதுச்சேரியில் பரிசோதித்த மருத்துவர் கண் நன்றாக ஆறுகிறது என்றார். அடுத்த வாரத்தில் ஒரு காலை, தெருமுனையில் திரும்பிய டவுன் பஸ்ஸின் பலகையை வாசலிலிருந்தே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

விடுப்பு முடிய இரண்டு நாள் இருந்தபோது, மருத்துவர் அனுமதியோடு, அவள் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து மலையேறினோம். விழுந்த வளைவில் அன்றும் மூடுபனி. அக்கா வேகத்தைக் குறைத்தாள், ஒலிப்பானை அழுத்தினாள், நிதானமாகத் திரும்பினாள். பள்ளி வாசலில் தலைக்கவசத்தைக் கழற்றியதும் ஓடிவந்த பிள்ளைகள் சட்டென்று நின்றுவிட்டார்கள். கண்ணாடி இல்லாத முகத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்தார்கள் போல. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் கிட்டே வந்து அண்ணாந்து பார்த்தாள். தடித்த கண்ணாடி இத்தனை வருடம் சுருக்கிக் காட்டியதை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"டீச்சர், ஒங்க கண்ணு எம்மாம் பெர்சு!"