தூர வரம்பில் வைத்த சோறு

முரசுமோட்டை வயலில் நெல் அரிவு வெட்டு நாட்களில், மத்தியானச் சோற்றைப் பெரிய சட்டியில் குழைத்து, எல்லோர் கையிலும் உருண்டையாக வைப்பவள் நான்தான். புதிதாக வந்த செல்லையா மட்டும் வாங்காமல் தூர வரம்பில் போய் இருந்தார். எனக்குக் கோபம் வந்தது.

“எங்கட கைச்சோறு உமக்கு இறங்காதோ?” என்று கேட்டுக்கொண்டு போனேன்.

அவர் எழுந்து பின்வாங்கினார். “கிட்ட வராதேங்கோ, அக்கா. பிள்ளைக்கு அம்மாள் வருத்தம், கொப்புளம் போட்டிருக்கு; தொத்தும். வேலைக்கு வராட்டில் அடுப்பெரியாது.”

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. தினமும் ஓர் உருண்டையைப் பூவரசம் இலையில் எட்ட வைத்துவிட்டு வந்தேன்.

அவருடைய பிள்ளை தேறிய பிறகு, ஒருநாள் விடிய என் மகளின் உடம்பெல்லாம் கொப்புளம். எங்கிருந்து வந்ததோ தெரியாது. அன்று சட்டியைத் தொடாமல் அந்த வரம்பில் போய் இருந்தேன். செல்லையா இலையில் உருண்டையை எட்ட வைத்துவிட்டுப் போனார்.

நேற்றுவரை நான் குழைத்ததைத் தின்றவர்கள் நிழலில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்; அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள். எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை.