எதிராளிக்கு முடிவெட்டிய வேட்பாளர்

நெப்ராஸ்காவில் கோல்டர் என்கிற சிற்றூரில் முடிவெட்டும் கடை ஒன்றே ஒன்றுதான். அது லவோன் ஸோபெக்கின் கடை. வேறு கடை வேண்டுமென்றால் சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். அதனால் லவோன் பேசுவதை ஊரே கேட்டது. கழுத்தைச் சுற்றித் துணி கட்டிய பிறகு எழுந்து ஓடவா முடியும்?

ஐம்பது வயதைத் தாண்டிய அவளுக்குப் பதவி ஆசையெல்லாம் இருந்ததில்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டில் கை வைத்தபோதுதான் கிளம்பினாள். கோல்டர் பள்ளியில் பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்டுக் கொதிக்கவைத்த காரமான சில்லி பரிமாறினால், கூடவே பட்டை மணக்கும் இனிப்புச் சுருள்ரொட்டி சுடச்சுட இருந்தாக வேண்டும். லவோன் அதைத் தின்று வளர்ந்தவள். அவள் பிள்ளைகளும் அப்படித்தான். மாவு பிசைந்து சுடுவதில் செலவு கூடுகிறதென்று பள்ளிக் குழு அதை நிறுத்திவிட்டது. இனிமேல் பெட்டியில் உறைந்து வரும் சுருளைச் சூடாக்கிக் கொடுப்பார்களாம்.

"பள்ளிக் குழுத் தேர்தல்ல நிக்கப் போறேன்," என்றாள் கணவன் ஆல்டனிடம்.

"யாரை எதிர்த்து?"

"மைலோ ப்ரோகாப்பை."

ஆல்டன் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தினான். "அந்த மனுசன் இருபது வருஷமா குழுத் தலைவரு. அவரை எதிர்த்து இதுவரைக்கும் ஒருத்தரும் நின்னதில்ல."

"அதான் நான் நிக்கிறேன்."

"ம்," என்றான் ஆல்டன். அறுவடைக் காலத்தில் அவனிடமிருந்து அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது.

லவோன் வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். கசகசாவும் ப்ளம் பழமும் வைத்துச் சுட்ட கொலாச்சி என்கிற இனிப்பு ரொட்டி கொடுத்தார்கள். "உனக்கில்லாத ஓட்டா" என்றார்கள். அவள் பாவாடை இறுகியதுதான் கண்ட பலன். மைலோ எங்கேயும் போகவில்லை, ஓட்டுக் கேட்டு ஒரு பலகைகூட நடவில்லை. கிழவருக்கு எவ்வளவு திமிர் என்று அவள் பொருமினாள்.

வேட்பாளர்கள் பேசும் ஊர்க்கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை கடைக்கதவு திறந்தது. மைலோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"முடி வெட்டணும்மா. திங்கட்கிழமை மேடையில உன் பக்கத்துல உக்காரணும்ல."

காத்திருந்த இரண்டு பெண்கள் பத்திரிகையை மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். லவோன் துணியைக் கட்டினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கித்தான் கட்டினாள்.

"என்ன பேசப் போற?" என்றார் மைலோ.

"அதை உங்ககிட்டச் சொல்லுவேனா?"

"சொல்ல வேணாம். நான் சொல்றேன், கேட்டுக்க. சுருள்ரொட்டியப் பத்திப் பேசு. கை தட்டுவாங்க. மார்லோ ஊரு டீமோட நம்ம கால்பந்து டீமைச் சேக்கிற பேச்சை மட்டும் எடுத்துடாத."

கத்தரி காற்றிலேயே நின்றது. எதிராளி யோசனை சொல்கிறார் என்றால் அதில் பொறி இருக்கத்தானே வேண்டும்? மார்லோ விஷயத்தில்தான் இவருக்கு ஏதோ பயம் என்று லவோன் முடிவு கட்டினாள். ஆனாலும் கிருதாவை இரண்டு பக்கமும் ஒரே அளவாகத்தான் வெட்டினாள். தொழில் வேறு, தேர்தல் வேறு.

திங்கட்கிழமை பள்ளியின் விளையாட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. லவோன் ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"நம்ம மாதிரி சின்ன ஊருங்க எட்டே பேரா ஆடுற ஆட்டத்துக்கு நம்மகிட்ட ஆறு பையங்கதான் இருக்காங்க. அதுல ஒருத்தன் கால்ல கட்டு. மார்லோகூடச் சேந்தா என்ன குறைஞ்சு போயிடும்?"

கூடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மார்லோவிடம் தாத்தா காலத்தில் தோற்ற ஆட்டத்தைக்கூட மறக்காத ஊர் அது. பின்வரிசையில் ஒருவர், "அப்போ அவங்க சட்டை நிறத்தையும் நாம போட்டுக்கணுமா?" என்றார். அவருக்குக் கிடைத்த கைதட்டலில் லவோன் சுருள்ரொட்டியையே மறந்துவிட்டு உட்கார்ந்தாள்.

மைலோ எழுந்தார். "எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கும் கை தட்டினார்கள்.

லவோன் தோற்றாள். நல்ல வித்தியாசத்திலேயே தோற்றாள். இரண்டு நாள் கடையைத் திறக்காமல் படுக்கையிலேயே கிடந்தாள். காப்பியும் கொலாச்சியும் கொடுத்து வாக்குத் தந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின.

"நீயாவது எனக்கு ஓட்டுப் போட்டியா?" என்று ஆல்டனைக் கேட்டாள்.

"போட்டேன். நீ பேசினது சரிதான். ஆனா இந்த ஊர்ல அதை நானும் வெளிய சொல்ல மாட்டேன்."

அடுத்த முறை முடிவெட்ட வந்த மைலோவின் முகம், தோற்றவர் முகம்போல் தொங்கிக் கிடந்தது.

"எத்தனை வருஷமா யாராவது நிப்பாங்களான்னு காத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா?" என்றார். "எனக்குப் பதவி வேணாம்மா. ஏரியில தூண்டில் போட்டுட்டு உக்காரணும். அதான் ஜெயிக்கிற வழியை உனக்குச் சொன்னேன். நீ கேட்டியா?"

லவோன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மைலோ மட்டும் சிரிக்கவில்லை.

குளிர்காலம் முடிவதற்குள் மைலோ முதுகுவலி என்று சொல்லிப் பதவியை விட்டார். காலி இடத்துக்கு ஆளைக் குழுவே அமர்த்தலாம். அவர்கள் லவோனைக் கூப்பிட்டார்கள். கேட்டதற்குச் சரியென்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.

முதல் கூட்டத்தில் ஒழுகுகிற கூரையைப் பற்றியே பேசித் தீர்த்தார்கள். கடைசியில் எல்லோரும் வீட்டுக்குப் போகத் துடித்த நேரம் பார்த்து லவோன் சுருள்ரொட்டிப் பேச்சை எடுத்தாள். எதிர்க்க ஒருவருக்கும் தெம்பில்லை. நிறைவேறியது.

மறுநாள் காலை காப்பி கொதிப்பதற்குள், குழுவின் புது உறுப்பினருக்குத் தொலைபேசியில் முதல் புகார் வந்தது. பக்கத்துப் பண்ணைக்காரரின் நாய் சாலை நடுவில் படுத்துக்கொண்டு பள்ளி வண்டியை விடமாட்டேனென்கிறதாம். லவோன் மைலோவை அழைத்து, இதற்கெல்லாம் என்ன செய்வார் என்று கேட்டாள்.

"நானா? சரி சரின்னு சொல்லிட்டு போனை வச்சிடுவேன்."

அவளுக்கு அப்படி வைக்க வரவில்லை. இரவு உடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு, அந்த நாயிடம் பேசிப் பார்க்கக் கிளம்பினாள்.